அவருடைய கடனை எழுதியது என் கை

2022 மே 20, வெள்ளிக்கிழமை. மதுரையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நானும் அவரும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் திருமண அறிவிப்பில் கையெழுத்திட்டோம். பள்ளிப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்த நான், அன்று மாலையே பேருந்து ஏறி, ராமேஸ்வரம் தீவில் உள்ள எங்கள் ஊரான தங்கச்சிமடம் திரும்பினேன். பாம்பன் பாலத்தில் பேருந்து போகும்போது இருபுறமும் கடல் அமைதியாக இருந்தது. திருமணத்துக்கு இன்னும் முப்பதே நாள் என்று நினைத்துக்கொண்டேன். 12 நாள் கழித்து, எங்கள் இருவரின் புகைப்படமும் முகவரியும் இருந்த அந்த அறிவிப்பைக் கைப்பேசியில் படம் பிடித்து யாரோ என் அப்பாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாள் எங்கள் பகுதி அலுவலகப் பலகையில் சட்டப்படியே ஒட்டப்பட்டிருந்தது. அப்படி ஒட்டுவார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என்னைப் போன்ற நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்காவது அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ராமேஸ்வரம் துறைமுகத்தில் இரண்டு விசைப்படகுகள் இருந்தன. நான் விரும்பியவர் அவற்றில் ஒன்றில் கூலிக்குப் போனவர். அவருடைய அம்மா பாம்பனில் தென்கடல் ஓரம் பாசி எடுப்பவர். எங்கள் இரு வீட்டாரும் ஒரே சாதி. ஞானஸ்நானம் பெற்றதும் ஒரே திருச்சபையில்தான். அதனால் எங்கள் பிரச்சினையை வெளியில் யாரிடம் சொன்னாலும், "சாதி ஒன்றுதானே, பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள்" என்றே பதில் வந்தது. படகு வைத்திருப்பவருக்கும் அந்தப் படகில் வலை இழுப்பவருக்கும் நடுவே இருக்கும் தூரம் கரையில் வாழாதவர்களுக்குப் புரிவதில்லை. வலை இழுப்பவர்கள் எங்கள் வீட்டுக்குள் வருவது பின்வாசல் வழியாகத்தான். முன்கூடத்தில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும். சனிக்கிழமை போன படகின் பங்குக் காசை ஞாயிறு பூசை முடிந்த பிறகு வீட்டில் வைத்துக் கொடுப்பார்கள். கணக்கு நோட்டை எழுதும் வேலை கல்லூரிக் காலத்திலிருந்தே என்னுடையது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் ஆகிய செலவுகளைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரித்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே முன்பணத்தில் பிடித்த தொகையையும் எழுத வேண்டும். அவர் அம்மாவின் வீட்டுக்குக் கூரை போட அப்பாவிடம் 45,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அதில் வாரம் 200, 300 என்று பிடிப்பதும், மீன் இல்லாத வாரங்களில் அதே தொகையை மறுபடி கடனாகக் கொடுப்பதுமாக, இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்த எண் குறையவே இல்லை. அந்த எண்ணை ஒவ்வொரு ஞாயிறும் எழுதியவள் நான்தான். ஒருமுறை கூட்டலில் 400 ரூபாய் குறைத்து எழுதிவிட்டேன். அவர் அதைச் சுட்டிக்காட்டி, "டீச்சர், எனக்குக் கடன் குறைஞ்சா சந்தோசம்தான், ஆனா நாளைக்கு முதலாளி உங்களை ஏசுவாங்க" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். 2019ஆம் ஆண்டின் இறுதி அது.

முன்பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கரையில் வர்க்க வேற்றுமையை நிலைக்க வைப்பதே அதுதான் என்பது என் கருத்து. முன்பணம் பாக்கி இருக்கும்வரை வேறு படகுக்குப் போக முடியாது; முதலாளி முகத்துக்கு எதிரே நின்று ஒரு சொல் பேசவும் முடியாது. காதல் என்று வந்த பிறகு அதே கடன் மோசடிப் புகாராக மாறும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. யாரிடம் கடன் இருக்கிறதோ அவர் வீட்டுப் பெண்ணை விரும்பும் பையன்கள் முதலில் எவ்வளவு பாக்கி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுப்பதை வங்கி வழியாகவே கொடுங்கள். கையில் கொடுத்த காசுக்கு எந்த அலுவலகத்திலும் சாட்சி இல்லை.

2021 கிறிஸ்துமஸுக்குப் பிறகு அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் படகில் ஐஸ் உடைக்கிறவன் நாளைக்கு என் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவானா? மற்ற முதலாளிமார் முன்னால் நான் எப்படி நிற்பேன்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது என்பதை இப்போது உணர்கிறேன். அன்று அது என் காதில் விழவில்லை. கோவிலில் திருமணம் செய்ய முயன்றோம். அதற்குப் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும்; இருவரின் பங்குக் கோவிலிலும் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். முதல் ஓலை வாசிக்கும் ஞாயிறன்றே ஊர் முழுவதும் தெரிந்துவிடும் என்பதால் அந்த வழியை விட்டுவிட்டோம்.

மிஞ்சியது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அறிவிப்பு கொடுப்பதற்கு முன்பு இருவரில் ஒருவராவது அந்த எல்லைக்குள் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும்; கூலிக்குப் போகிறவர்கள் பலர் கேரளக் கரைக்கு வேலை தேடிப் போய்விடுவார்கள். அவரும் கேரளா போவதாகச் சொல்லிவிட்டு மதுரையில் 5,500 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை எடுத்து, லாரி பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கியது நாங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. வசிப்பிடத்துக்கு அதுவே ஆதாரமாக இருந்தது.

செய்த பெரிய தவறு, அறிவிப்பு கொடுத்துவிட்டு நான் வீடு திரும்பியது. அறிவிப்பு கொடுத்த அலுவலகத்தின் பலகையில் அது 30 நாள் ஒட்டப்படும் என்று தெரிந்து வைத்திருந்தோம். மதுரையில் நம்மை யாருக்குத் தெரியும் என்று இருந்துவிட்டோம். ஆனால் மணமக்களின் நிலையான முகவரி வேறு எல்லையில் இருந்தால், அங்குள்ள திருமண அலுவலருக்கும் நகல் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள் என்று அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே கையெழுத்திடும் நாளிலேயே வீட்டைவிட்டு வெளியேறிப் பாதுகாப்பான ஓர் இடத்தில் இருக்க ஏற்பாடு இல்லையென்றால் அறிவிப்பு கொடுக்காதீர்கள். அந்த முப்பது நாளும் எங்கே தங்குவது, யார் சோறு போடுவார்கள், யார் கூட இருப்பார்கள் என்பது முடிவான பிறகே அலுவலகப் படி ஏறுங்கள்.

ஜூன் 1 இரவே என்னை ராமநாதபுரத்தில் சித்தி வீட்டுக்குக் கொண்டு போனார்கள். ஜூலை 25 வரை 54 நாள் அங்கே இருந்தேன். அடிக்கவில்லை, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. ஆனால் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள். வாசற்கதவின் சாவி எப்போதும் சித்தியின் இடுப்பில் இருந்தது. இரவில் சித்தி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "பெரிய இடத்துப் பிள்ளை, பாசி எடுக்கிறவள் வீட்டில் போய் என்னடி செய்யப் போகிறாய்?" என்று அழுவார். அவர் அழுகை பொய்யில்லை, அதனால்தான் எதிர்த்துப் பேச முடியாமல் போனது. முரட்டுத்தனத்தை எதிர்ப்பது எளிது. அன்போடு பூட்டப்பட்ட கதவை நாமே திறக்கத் தயங்குகிறோம். மூன்றாவது வாரத்தில், நான்தான் எல்லோரையும் வதைக்கிறேனோ என்று நம்பத் தொடங்கிவிட்டேன்.

அந்த நாள்களில்தான் எனக்கென்று எதுவுமே என் கையில் இல்லை என்பது புரிந்தது. பள்ளியில் மாதம் 11,000 ரூபாய் சம்பளம் வாங்கினேன். கணக்கு என் பெயரில்தான் இருந்தது. ஆனால் கணக்கு தொடங்கியபோது கொடுத்த கைப்பேசி எண் அப்பாவுடையது. மே மாதம் நான் 15,000 ரூபாய் எடுத்த செய்தி அவருக்குப் போய், அப்போதே அவர் மனத்தில் சந்தேகம் விழுந்திருக்கிறது. என் சிம் கார்டும் அவர் பெயரில். அதை முடக்கியதும் எனக்கு எந்த ஓடிபியும் வரவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை எல்லாச் சான்றிதழ்களும் அப்பாவின் பீரோவில். காதலிக்கிறீர்களோ இல்லையோ, வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரில் ஒரு சிம் வைத்து, அதையே வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் இணைத்துவிடுங்கள். சான்றிதழ்களின் அசலை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு, நம்பகமான தோழி ஒருத்தியிடம் நகல் கொடுத்து வையுங்கள்.

ஜூலை 25 எங்கள் ஊர் வேர்க்காடு புனித சந்தியாகப்பர் திருவிழா. சித்தி குடும்பம் தங்கச்சிமடம் போயிருந்தது. எனக்குத் துணையாக, கல்லூரியில் படிக்கும் சித்தி மகளை மட்டும் விட்டுப் போனார்கள். மத்தியானம் அவள் தானாகவே தன் கைப்பேசியை என் முன்னால் வைத்துவிட்டு, "நான் துணி துவைக்கப் போறேன்க்கா" என்று பின்கட்டுக்குப் போய்விட்டாள். 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு அழைத்தேன். வயது 26, என் விருப்பத்துக்கு மாறாக வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. மாலைக்குள் மகளிர் காவலர்கள் வந்தார்கள். எங்கே போக விரும்புகிறாய் என்று கேட்டார்கள், சொன்னேன். எழுதி வாங்கினார்கள். வந்திருந்த அதிகாரி ஒன்றை வற்புறுத்தினார்: நான் அணிந்திருப்பது ஒரு மெல்லிய சங்கிலியும் ஒரு ஜோடித் தோடும் மட்டுமே என்பதை வாக்குமூலத்தில் சேர்க்கச் சொன்னார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஒரே வாரத்தில் 22 பவுன் நகையை நான் எடுத்துப் போனதாகவும், அவர் முன்பணத்தை மோசடி செய்ததாகவும் புகார் வந்தது. நகைப் புகார் அந்த ஒரு வரியால் நின்றுபோனது. கடன் உண்மை என்று நானே ஒப்புக்கொண்டேன், எழுதியதே நான்தானே. அது கொடுக்கல் வாங்கல் விவகாரம், தவணையில் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். வீட்டைவிட்டு வரும் பெண்கள் பெற்றோர் போட்ட நகையைத் தொடாதீர்கள். உடம்பில் இருப்பதை முதல் வாக்குமூலத்திலேயே எழுதச் செய்யுங்கள்.

அந்த 54 நாளும் வெளியே இருந்து அவர் என்ன செய்திருக்க முடியும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வயது வந்த ஒருவரை அடைத்து வைத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்; எங்கள் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளையிலேயே உண்டு. அவருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களிடம் போகக் கூச்சம். ஏழைக்கு நீதிமன்றம் என்றாலே காசு செலவாகும் இடம் என்ற பயம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. இரண்டு பேரின் சம்மதத்தோடு நடக்கும் திருமணத்தைத் தடுக்க எந்த ஊர்க் கூட்டத்துக்கும் அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்து, இப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவும் உத்தரவிட்டிருக்கிறது. அதை நாங்கள் அறிந்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

மதுரைக்கு வந்ததும் அடுத்த அடி விழுந்தது. முப்பது நாள் என்றோ கடந்துவிட்டது, எங்கள் அறிவிப்பு செல்லாது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். ஓர் இடைத்தரகர் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு மாடி அறையில் மாலை மாற்றச் சொல்லி, சுயமரியாதைத் திருமணம் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். பதிவு செய்யப் போன இடத்தில் அதை ஏற்கவில்லை. தமிழ்நாடு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவுதான் சுயமரியாதைத் திருமணத்துக்கு அடிப்படை. இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வருபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். கிறிஸ்தவர்களான எங்களுக்கு அந்தத் தாள் வெறும் தாள்தான். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அவர் கடலில் எத்தனை நாள் உழைத்த காசு அது என்று எனக்குக் கணக்குத் தெரியும். ஒரே நாளில் பதிவு என்று யார் சொன்னாலும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று கேளுங்கள். உங்கள் மதம் எது என்றே கேட்காமல் காசு வாங்குபவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டறை முதலாளியம்மா சொல்லித்தான் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆகஸ்ட் 9 அன்று அங்கிருந்த வழக்கறிஞர் எங்கள் ரசீதைப் பார்த்ததும், "தேதியைப் பார்த்தீர்களா? அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை இது உயிரோடு இருக்கும்" என்றார். இன்னும் 11 நாள் மீதி இருந்தது. அப்பா கொடுத்திருந்த ஆட்சேபணையையும் பார்த்தார். வயது, ஏற்கெனவே வாழ்க்கைத்துணை இருப்பது, மனநலக் காரணம், தடை செய்யப்பட்ட உறவுமுறை ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் ஆட்சேபணையாக ஏற்க முடியாது. தகுதி பொருந்தாது என்பது அந்தச் சட்டத்தில் எங்குமே இல்லை. அதை அவர் வாசித்துக் காட்டியபோது நான் அழுதேன்; எங்கள் ஊரில் எல்லோரும் மலை போலச் சொன்ன காரணத்துக்கு ஒரு வரிகூட இடமில்லாத புத்தகம் ஒன்று இருக்கிறதே என்ற அழுகை அது. ஆகஸ்ட் 17, புதன்கிழமை, மூன்று சாட்சிகளோடு திருமணம் நடந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாம்பனில் மாமியின் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று, அவர் பக்கத்து வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்தபோது பதறிப்போய், "முதலாளி மக, கீழே உட்காரக் கூடாது தாயி" என்றார். நான்கு மாதம் அந்த நாற்காலி போய் வந்துகொண்டே இருந்தது. அவரை மாற்றியது என் பேச்சு இல்லை. பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் தீவுப் பக்கம் போவார்கள். பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் பழைய துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். இடக்கைக்குத் தாமே கட்டிக்கொள்ளலாம். வலக்கைக்குப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு விடியற்காலையில் அவர் கையைப் பிடித்து நான் கட்டிவிட்டேன். விரல் நுனிகளில் ரேகையே இல்லை, உப்பு ஊறி வெளுத்து, நகங்களின் ஓரம் பிளந்திருந்தது. முடிச்சு தளர்வாக இருந்ததால், "இறுக்கிக் கட்டு புள்ள, தண்ணிக்குள்ள கழண்டுரும்" என்று அதட்டினார். அன்றிலிருந்து நாற்காலி வரவில்லை.

விசைப்படகு முதலாளிகள் யாரும் என் கணவரை வேலைக்கு எடுக்கவில்லை. இப்போது தாய்மாமனின் நாட்டுப்படகில் போகிறார். எனக்கு எட்டு மாதச் சம்பளம் போனது. சான்றிதழ்களுக்கு நகல் வாங்க அலைந்துகொண்டிருந்தபோது, 2023 ஜனவரியில் அம்மா கோவில் வாசலில் ஒரு மஞ்சள் பையைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். உள்ளே எல்லா அசல்களும், பீரோவின் அந்துருண்டை வாசனையோடு. அந்தப் பிப்ரவரியில் வேறு பள்ளியில் சேர்ந்தேன். சம்பள இழப்பு 88,000, ஐந்து மாத வாடகை 27,500, தரகருக்கு 18,000, அலைச்சலும் தங்கலும் 11,000 என்று மொத்தம் 1,44,500 ரூபாய். சட்டம் தெரிந்திருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். கோவிலில் திருமணத்தை முறைப்படுத்தும்வரை, ஏறத்தாழ ஒரு வருடம் நற்கருணை வாங்க முடியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. சொத்து பற்றியும் கேட்கிறார்கள்: எங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் சம்பாத்தியத்தில் எனக்கு உரிமை இல்லை, உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதாமல் போனால் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. அதை எதிர்பார்த்து நாங்கள் எதையும் செய்யவில்லை.

முன்பணம் 45,000 ரூபாயை நான் இழப்பில் சேர்க்கவில்லை. வாங்கிய கடன் அது. 2023 ஜனவரி முதல் மாதம் 3,000 ரூபாயாக அப்பாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினோம். 2024 மார்ச்சில் பதினைந்தாவது தவணையோடு தீர்ந்தது. அன்று இரவு அம்மா பேசினார். அப்பா நோட்டை எடுத்து, நான் எழுதிய அந்தப் பக்கத்தில் அவர் பெயர் மேல் கோடு போட்டு அடித்தாராம். பிறகு நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, "கையெழுத்து அவளுடையதுதான்" என்று மட்டும் சொன்னாராம்.